கப்பல் சென்னையில் நின்ற நாள்

அண்ணனுக்குப் பெங்களூரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கிடைக்கும் என்று தெரிந்ததும், அந்த நேரத்தை வகுத்துத் தரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்லூரிப் பேச்சுப் போட்டி மேடைகளில் ஏழே நிமிடங்களில் ஓர் அவையை என் பக்கம் திருப்பியவன் நான். முதல் மணி ஒலிக்கையில் வாதத்தின் உச்சியில் நிற்கவேண்டும்; இரண்டாம் மணிக்கு முன்னரே கைதட்டலுக்கு இடம் விட்டு இறங்கிவிடவேண்டும். இந்தக் கணக்கு எனக்குக் கைவந்த ஒன்று. ஒக்கலிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே அறைந்த பலகையில், இன்னொரு கோப்பை வைக்க இடமில்லை. ஐந்து மணி நேரம் என்பது எனக்கு அள்ள அள்ளக் குறையாத செல்வமாகத் தோன்றியது.

வெல்லவேண்டிய அவையிலோ ஒருத்தி மட்டுமே இருந்தாள். அண்ணனின் மகள். மூன்றரை வயது. அண்ணன் கப்பலேறியபோது அவள் ஏழு மாதக் கைக்குழந்தை. அதன்பின் தந்தையும் மகளும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அவள் ஒருமுறையாவது, யாரும் தள்ளாமல், தானாக நடந்து அவரிடம் போகவேண்டும். ‘அப்பா’ என்று அழைக்கவேண்டும். அண்ணன் கேட்டது அவ்வளவுதான். அவர் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. "பாப்பாவுக்கு ஜாலியா இருக்கற மாதிரி எங்கயாவது கூட்டிட்டுப் போலாம்டா, நீ பார்த்து வை" என்று தொலைபேசியில் சொன்னார். நடுவில் வந்த மௌனத்தில் மீதியை நான் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் அப்பா பொம்மசந்திராவில் ஓர் ஆலையில் வேலை பார்த்து, ஓய்வு பெறுவதற்கு முன்னரே இறந்துபோனார். அதன்பின் அண்ணன் உல்லாசக் கப்பல் ஒன்றில் அறைப் பணியாளராகச் சேர்ந்தார். ஓர் ஒப்பந்தம் முடியும் முன்னரே அடுத்ததற்குக் கையெழுத்திட்டார். நடுவே விடுப்பில் வந்தால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. இங்கே அம்மா, அண்ணி, குழந்தை, கல்லூரியில் நான். ஒவ்வொரு மாலையும் பயணிகளின் படுக்கையை விரித்து, மறுநாள் கப்பல் நிற்கும் ஊரைப் பற்றிய தாள் ஒன்றைத் தலையணைமேல் வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. இறங்கினால் என்ன செய்யலாம், எதைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும் என்று பயணிகள் அவரிடம் கேட்பார்களாம். இந்தக் கடற்கரை, அந்தச் சந்தை, குழந்தைகள் இருந்தால் இன்ன பூங்கா என்று அவரும் சொல்லுவாராம். அவர் சொன்ன ஊர்களில் பெரும்பாலானவற்றில் அவர் கால் பட்டதில்லை. பயணிகள் இறங்கிப் போகும் நேரம்தான் அறைகளைத் துடைக்கும் நேரம்.

இந்தச் சந்திப்புக்கு முந்தைய ஆண்டு அவருடைய கப்பல் கொச்சியில் நின்றது. அண்ணியும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுக வாயிலில் மாலை வரை நின்றோம். இறங்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கிடங்குகளின் கூரைக்கு மேலே வெள்ளைக் கப்பலின் மேல்தட்டு மட்டும் தெரிந்தது. அங்கே அசைந்த புள்ளிகளில் அவர் எது என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். ஆகவே இம்முறை கப்பல் சென்னைக்கு வருகிறது என்றதும், யாரும் வரவேண்டாம், விட்டால் நானே வருகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அம்மாவும் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார், அவரையும் பார்க்கவேண்டும். மாலையில் கரை சேரும் கப்பல் மறுநாள் நள்ளிரவில் புறப்படும். விடியற்காலை வேக ரயிலில் ஏறினால் முற்பகலில் பெங்களூர். அதே ரயில் பிற்பகலில் திரும்பும். அதைத் தவறவிட்டால் கப்பல் போய்விடும், வேலையும் போய்விடும்.

இனி, ஒலிநாடாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கடிதம் எழுதும் பழக்கம் நின்று, கேசட் அனுப்பும் பழக்கம் வந்திருந்தது. கப்பலிலிருந்து யாராவது ஊர் திரும்பும்போது அண்ணன் பேசிப் பதிந்த கேசட் ஒன்று வரும். அன்று மாலை டேப்ரிகார்டரை மேசைமேல் வைத்து, குழந்தையை அதன்முன் உட்காரவைத்து, "அப்பா பேசறாரு, கேளு" என்போம். அவள் அந்தப் பெட்டிக்கு முத்தம் கொடுப்பாள். பிஸ்கட்டைப் பிட்டு அதன் முன்னால் வைப்பாள். பக்கத்து வீட்டார் வந்து பார்த்து மகிழ்ந்து போவார்கள். பதில் கேசட்டுக்கு அவளைப் பேசப் பழக்கியவன் நான். "மதிப்பிற்குரிய அப்பா அவர்களே, தங்கள் வரவை எதிர்நோக்கும் அன்பு மகள் பேசுகிறேன்" என்று மூச்சு விடாமல், ளகரம் தவறாமல் பேசுவாள். அண்ணி கண் கலங்கிச் சிரிப்பார். அப்பா என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வேர் பிடித்துக்கொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று காலையில் என் திட்டத்தை அண்ணியிடமும் அம்மாவிடமும் விளக்கினேன். முதலில் பூங்காவில் குழந்தைகளுக்கான சிறு ரயில், அடுத்துப் படகு, அதன்பின் மீன் காட்சி, பின்னர் கமர்ஷியல் தெருவில் பொம்மை, ஐஸ்கிரீம், முத்தாய்ப்பாக நால்வரும் சேர்ந்து ஒரு புகைப்படம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகும்படி அடுக்கியிருந்தேன்.

"இவ்ளோத்தையும் பார்க்கறதுக்குள்ள அவன் ரயிலு போயிடும்டா" என்றார் அம்மா, கட்டிலிலிருந்து. "வீட்லயே உக்காந்து விளையாடட்டும்."

"வீட்ல இன்னா அத்தை இருக்குது விளையாட?" என்றார் அண்ணி. அவர் விடிவதற்கு முன்பே எழுந்து தலைகுளித்து, ஈரக் கூந்தலோடு வறுவலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வெளிய போனா அவ சிரிப்பா. சிரிக்கிறப்ப தூக்கிக்கிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா."

ரயில் முக்கால் மணி நேரம் தாமதம் என்று நிலையத்தில் அறிவித்தார்கள். தலைமையுரையாளர் என் நேரத்தைத் தின்றுவிட்ட மேடைகள் எனக்குப் பழக்கம், படகை நீக்கிவிட்டேன்.

அண்ணன் முதுகுப்பையோடு இறங்கினார். மெலிந்திருந்தார். பளபளக்கும் கறுப்புக் காலணி, ஒட்ட வெட்டிய முடி, எங்களைக் கண்டதும் முகத்தில் விரிந்த ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் புதியது. யாருக்கு வேண்டுமானாலும் தரத்தக்கதாக, பிழையற்றதாக இருந்தது. பிறகு அண்ணியைப் பார்த்தபோது அது கலைந்து, பழைய கோணல் சிரிப்பு வந்தது. அவர் நெருங்கி வரவில்லை. இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்தார்.

"பாப்பா, சொல்லும்மா. மதிப்பிற்குரிய…" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

அவள் அண்ணியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "டேப் எங்க?" என்றாள்.

"டேப் எதுக்குடி? அப்பாவே வந்துட்டாரு பாரு."

"அப்பா டேப்புல இருக்காரு."

அண்ணன் சிரித்துவிட்டார். "கரெக்ட்டுதானே? எனக்கும் நீங்கள்லாம் டேப்புலதான் இருக்கீங்க" என்றார். எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். வேண்டிய அளவுக்கு மேலேயே தட்டிக்கொண்டிருந்தார்.

வீடு பக்கம்தான், நடந்தோம். அம்மா அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எளைச்சுட்டியேடா" என்றார்.

"கப்பல்ல நல்ல சாப்பாடும்மா. ராவும் பகலும் சமைச்சுக்கிட்டே இருப்பாங்க."

"யாருக்கு?"

அண்ணன் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தார். அவர் கை பட்டதும் போர்வையின் ஓரம் மடிந்து, சுருக்கம் நீங்கி, விடுதிப் படுக்கைபோல் ஆகிவிட்டது. நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தவரை அண்ணி தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

குழந்தை கதவோரத்தில் நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கப்பலிலிருந்து கொண்டுவந்த பொம்மையை, அண்ணி கையில் கொடுத்து அண்ணி நீட்டியபின்தான் வாங்கிக்கொண்டாள். வாங்கியதும், "தேங்க்யூ அங்கிள்" என்றாள்.

"பரவால்ல. அங்க ரூம் ரூமா எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் கூப்பிடும்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஒரு ஐடியாடா மைக்கு. டேப்பைப் போடு. நான் உள்ள போய் நின்னுக்கறேன்" என்றார். சிறு வயதிலிருந்தே அவருக்கு நான் மைக்குதான்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கிற்று. சிறந்த உத்தி என்றும் தோன்றியது. டேப்ரிகார்டரில் கடைசிக் கேசட்டைச் செருகி ஓடவிட்டேன். "பாப்பா, எப்படிம்மா இருக்கே? சாப்பிட்டியா?" என்று பெட்டி பேசியது. குழந்தை முகம் மலர்ந்து ஓடிவந்து அதன்முன் உட்கார்ந்தாள். நான் மெல்ல ஒலியைக் குறைக்க, உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன் அதே வாக்கியங்களைத் தொடர்ந்தார். "இங்க ஒரே தண்ணியா இருக்குது பாப்பா. மீனு பறக்குது, தெரியுமா?" அவள் தலையாட்டினாள். பெட்டியின் வலைமுகத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அண்ணன் பேசியபடியே திரையை விலக்கி வெளியே வந்தார்.

அவள் அவருடைய உதடுகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். குரல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. பெட்டியை இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அதை எடுத்துப்போக வந்தவரிடம் கெஞ்சுவதுபோல், சத்தமின்றி அழத் தொடங்கினாள். அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

அம்மா கட்டிலிலிருந்து, "போங்க, போங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று கையை ஆட்டினார்.

பக்கத்து வீட்டு அம்மாளை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, ஆட்டோவில் பூங்காவுக்குப் போனோம். ஆட்டோவில் குழந்தை அண்ணியின் மடியில்; அண்ணன் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி, அவளுக்கு இடித்துவிடாமல் உட்கார்ந்திருந்தார். சிறு ரயிலைப் பற்றி நான் வழியெல்லாம் வருணித்துக்கொண்டு வந்தேன். அதன் ஊதலை ஊதிக் காட்டினேன். அவள் அழுகை நின்றது. "ரயிலு பெருசா?" என்று கேட்டாள். அண்ணன் உற்சாகமாகி, "நானும் வரலாமா பாப்பா ரயில்ல?" என்றார். அவள் யோசித்து, "ம்" என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் நாங்கள் மூவரும் தொங்கிக்கொண்டு போனோம்.

ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தின் குறுக்கே கயிறு கட்டி, ஒரு காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இவத்து இல்லா சார். ரிப்பேரி. நாளெ பன்னி."

இன்று இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று அவர் சொன்னது எந்தத் தவறும் இல்லாத சொல். ஆனால் நான் பேசத் தொடங்கினேன். கன்னடத்தில் தொடங்கி, தமிழில் ஏறி, ஆங்கிலத்தில் நின்று பேசினேன். மூன்று ஆண்டுகளாக மகளைக் காணாத ஒரு தந்தையைப் பற்றி, கடலைப் பற்றி, திரும்பிவராத மணித்துளிகளைப் பற்றி. கடலைக்காய் விற்பவரும் காதலர் இருவரும் நின்று கேட்டார்கள். காவலாளி பொறுமையாக முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, "சென்னாகி மாத்தாட்தீரா. ஆதரெ இஞ்சின் இல்லா" என்றார். நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் எஞ்சின் இல்லை.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "மைக்கை ஆஃப் பண்ணுடா. கப்பல்ல நாங்க பாசஞ்சருக்குச் சொல்றது இதுதான். ஒரு எடம் மூடியிருந்தா அங்கயே நின்னு சண்டை போடாதீங்க, அடுத்த எடத்துக்குப் போயிடுங்க. சண்டை போடறவங்களுக்கு அன்னிக்கு நாள் அங்கயே முடிஞ்சுடும்."

"அடுத்த எடம் எதுங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். மீன் காட்சியும் மூடியிருந்தது. வரும் வழியிலேயே பார்த்துவிட்டு நான் சொல்லாமல் இருந்தேன். எத்தனையோ ஊர்களுக்கு வழி சொன்னவரும், எத்தனையோ அவைகளை ஆண்டவனும், பட்டப்பகலில், சொந்த ஊரில், ஒரு குழந்தையைச் சிரிக்கவைக்க இடம் தெரியாமல் ஒரு மரத்தடியில் நின்றோம். குழந்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வராத ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமர்ஷியல் தெருவுக்கு என்று ஏறிய ஆட்டோ, நெரிசலில் சிவாஜிநகரிலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். துணிக்கடைகளையும் இறைச்சிக் கடைகளையும் தாண்டிச் சந்தையின் ஓரத்தில் போகையில், குழந்தை சட்டென்று நின்றாள். தரையில் ஓர் அகன்ற மூங்கில் கூடை. அதற்குள் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தன. அவள் சிரித்தாள். அன்று முதன்முறையாக, வாய் முழுவதும் திறந்து.

"வாங்கக்கா, லால், ஹரா, பீலா, எல்லா கலரும் கீது. பாப்பாவுக்கு எது ஓணும்?" என்றார் கூடைக்காரர், தாடியைத் தடவிக்கொண்டு.

அண்ணன் குந்தி உட்கார்ந்தார். பச்சைக் குஞ்சு ஒன்றை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி நீட்டினார். குழந்தை அண்ணியின் சேலையை விட்டாள். ஓரடி வந்தாள். இன்னோரடி. அவருடைய கைகளுக்கு மேலே தன் முகத்தைக் கொண்டுவந்து குஞ்சைப் பார்த்தாள். அவள் முடி அவர் மணிக்கட்டில் உரசியது. அவர் மூச்சு விடவில்லை. அவருடைய விரல்களுக்கு உள்ளேயே தன் விரல்களை விட்டு, குஞ்சை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் அவரிடம். நேராக அவரிடம்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு இரண்டாம் மணி ஒலிப்பது போலவும், நான் வென்று முடித்தது போலவும் இருந்தது.

"அப்பாவைக் கேளும்மா பேட்டி. அப்பா ரெண்டு என்ன, நாலு வாங்கித் தருவாரு" என்றார் கூடைக்காரர், அன்போடுதான்.

குழந்தை நிமிர்ந்தாள். "இது அப்பா இல்ல" என்றாள். "இது அங்கிள். எங்கப்பா வீட்ல இருக்காரு." கூட்டத்துக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னாள். அப்படிப் பேசத்தான் அவளைப் பழக்கியிருந்தோம்.

கூடைக்காரரின் கை தாடியில் நின்றது. அவர் அண்ணனைப் பார்த்தார். புதுக்காலணியையும் வெளிநாட்டுப் பையையும் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு நொடிதான் இருக்கும். பக்கத்தில் கொத்துமல்லி விற்ற பெண்ணும் பார்த்தாள். தலைகுளித்துப் பூ வைத்துப் பட்டுக் கட்டி வந்திருந்த அண்ணியின் முகம் கறுத்தது. குழந்தையின் தோளைப் பற்றி உலுக்கி, "யாருடி அங்கிள்? யாருடி? கூப்பிடு, அப்பான்னு கூப்பிடு" என்று கையை ஓங்கினார். குஞ்சு கைநழுவிக் கூடைக்குள் விழுந்து உருண்டது. குழந்தை வீறிட்டாள்.

அண்ணன் அந்த ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். நான் சாயங்காலம் போயிடுவேன். அவ உன்கூடத்தான் இருக்கணும்" என்றார். "உன்கிட்டயும் பயந்துட்டா எங்க போவா?"

அருகிலிருந்த பேக்கரியின் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, கடைசி முயற்சியாக நான் பேசினேன். ஆரவாரம் எதுவும் இல்லாமல், தாழ்ந்த குரலில், சான்றுகளோடு. அப்பாவின் மூக்கைப் பார், உன் மூக்கு. அப்பாவின் காதைப் பார், உன் காது. வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் அம்மா பக்கத்தில் நிற்பவர் யார், இவர்தானே. அவள் விக்கிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எதிரணியில் ஒருவர்கூட இவ்வளவு ஒத்துக்கொண்டதில்லை.

"அப்ப இவரு யாரு?" என்று முடித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்து, "சித்தப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். "பச்சைக் கோழி வேணும்."

அண்ணன் எழுந்து போய்ப் பச்சைக் குஞ்சு கிடைக்குமா என்று தேடினார். கூடைக்காரர் போலீஸ்காரரைக் கண்டு இடம் மாறிவிட்டிருந்தார். அண்ணன் வெறுங்கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அவர் நடையில் அவசரம் இருந்தது. முகத்தில், காலையில் ரயிலிலிருந்து இறங்கியபோது கண்ட அந்தப் பிழையற்ற சிரிப்பு திரும்பி வந்திருந்தது. "சாரி பாப்பா, ஸ்டாக் இல்லை" என்றார். யாரிடம் என்ன சொல்வதென்று அறியாதபோது அவருக்குக் கைகொடுக்கும் சிரிப்பு அது என்று அப்போது புரிந்துகொண்டேன். பேச்சு எனக்கு எப்படியோ அப்படி.

நிலையத்துக்குக் கிளம்பவேண்டிய நேரம் வந்துவிட்டது. அம்மாவிடம் மறுபடி விடைபெற நேரமில்லை. ஆட்டோ நகரவில்லை. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இன்னா சார் பண்றது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தார். ரயில் தவறிவிட்டால் என்ன என்று அந்தப் பார்வை கேட்டதாக எனக்குத் தோன்றியது. கேட்டுவிட்டு உடனே தலைகுனிந்துகொண்டது. குழந்தை பச்சைக் கோழிக்காக அழுதழுது, ஓய்ந்து, அண்ணியின் தோளில் தூங்கிப்போனாள்.

"இப்படிக் குடு" என்றார் அண்ணன்.

அண்ணி மெதுவாக அவளை நகர்த்தி அவர் மடிக்கு மாற்றினார். தலை அவர் மார்பில் சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. அண்ணன் முதுகை வளைத்து, ஆட்டோவின் குலுக்கல் அவளுக்குப் போகாதபடி உட்கார்ந்துகொண்டார். அதன்பின் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிலையத்தில் ரயில் நின்றிருந்தது. கிளம்பச் சற்று நேரம் இருந்தது. அவர் குழந்தையைத் தோளில் போட்டபடி நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்தார்.

"எழுப்பலாம்ணா" என்றேன். "இப்ப எழுப்பினா உன் தோள்ல இருக்கறதைப் பார்ப்பா. அதுபோதும். இல்லேன்னா இவ்ளோ தூரம் வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"எழுந்தா அழுவாடா."

"அழட்டும். உன் முகமாவது ஞாபகம் இருக்கும்."

"என் முகம் அவளுக்கு எதுக்கு? எனக்குத்தான் இது வேணும்" என்றார், அவள் முதுகைத் தட்டிக்கொண்டே. "இன்னும் எட்டு மாசம் இருக்குது. இந்த வெயிட்டு தோள்ல இருந்தாப் போதும். எழுப்பாதே."

அண்ணியும் எழுப்பவேண்டும் என்றுதான் நினைத்தார். அவர் கை நீண்டது. அண்ணன் உடம்பைத் திருப்பிக்கொண்டார். என்னிடம் வாதங்கள் இருந்தன. வலுவானவையும் கூட. ஒலிபெருக்கியில் ரயில் எண்ணைச் சொல்லத் தொடங்கியதும் அவரே அவளை என் தோளுக்கு மாற்றினார். அண்ணியின் கையை ஒருமுறை பிடித்தார். ஏறிக்கொண்டார்.

குளிர்பதனப் பெட்டி அது. சன்னல்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் தெரிவோம்; எங்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். அவர் எந்த இருக்கையில் என்று கேட்டுக்கொள்ள மறந்துவிட்டோம். அண்ணி ஒவ்வொரு சன்னலாக நடந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் அண்ணிதான் தெரிந்தார்.

ரயில் நீளமாக ஊதியது. குழந்தை திடுக்கிட்டு விழித்தாள். அழுவாள் என்று இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. பெட்டிகள் நகர்வதைக் கண்டாள். "ரயிலு" என்றாள். கண்கள் விரிந்தன. கையை உயர்த்தி, "டாட்டா, டாட்டா" என்று ஆட்டினாள். எங்கள் தெருவை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில் எந்த ரயில் போனாலும் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் அப்படித்தான் ஆட்டுவார்கள். சரக்கு ரயிலுக்கும் ஆட்டுவார்கள். தனியாகப் போகும் எஞ்சினுக்கும் ஆட்டுவார்கள். கறுப்புச் சன்னல்கள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அவர் இருந்தார். கடைசிப் பெட்டி மறையும்வரை அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். முகம் முழுவதும் சிரிப்பு.

அண்ணி மூச்சிரைக்க ஓடிவந்து என் முன்னால் நின்றார். பூ பாதி கழன்று தொங்கியது.

"டாட்டா காட்டினாளா? அவருக்குத்தானே காட்டினா?"

எதைக் கேட்டாலும் மறுப்புக்கு ஒரு சொல் வைத்திருப்பவன் நான்.

"ஆமா அண்ணி" என்றேன். "அண்ணாவுக்குத்தான்."